உணவும் மனமும் மூளையின் வேதிப்பொருள்களும்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குச் செய்தி போக, இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் அந்த இடைவெளியைப் பெரும்பாலும் வேதிப்பொருள்கள்தான் தாண்டுகின்றன. நரம்புக் கடத்திகள் எனப்படும் இவற்றில் செரட்டோனின், டோபமின், நோர்அட்ரினலின், காபா, குளுட்டமேட், எண்டார்பின் ஆகியவை மனநிலையைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருபவை. மனநிலைக்கு ஒரு கூட்டம், பசிக்கு வேறொரு கூட்டம் என்று மூளை இவற்றைப் பிரித்து வைக்கவில்லை. மகிழ்ச்சியிலும் பதற்றத்திலும் பங்கு வகிக்கும் அதே பொருள்கள்தான் பசியெடுப்பதிலும் வயிறு நிறைந்தது என்று தோன்றுவதிலும் வேலை செய்கின்றன. மனச்சோர்வு வந்தவருக்குச் சோறு இறங்காமல் போவதும், சிலர் அந்தச் சமயத்தில் அளவில்லாமல் சாப்பிடுவதும், பட்டினி கிடப்பவருக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவதும் இதனால்தான்.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் ஒருவழிப் பாதையாக இருக்கிறது: மூளையில் ஏதோ ஒரு பொருள் குறைந்தது, அதனால் மனம் கெட்டது, அதனால் சாப்பாடும் கெட்டது. இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் எதிர்த்திசைப் போக்கும் அதே அளவு வலுவானது என்று தெரிகிறது. சாப்பாடு குறையும்போது மூளையின் வேதியியல் மாறுகிறது. அந்த மாற்றம் மேலும் சாப்பிடவிடாமல் தடுக்கிறது, அல்லது கட்டுப்பாடில்லாமல் சாப்பிட வைக்கிறது. உண்ணல் கோளாறுகளைப் புரிந்துகொள்ளவும் சிகிச்சையை எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்கவும் இந்த இரண்டாவது திசைதான் அதிகம் உதவுகிறது.

செரட்டோனின்: குடலிலும் மூளையிலும்

1930களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடல் சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1948இல் அமெரிக்காவில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் இரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்குச் செரட்டோனின் என்று பெயரிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்பது பிறகு தெரிந்தது. மூளையிலும் அது இருப்பதை 1953இல் பெட்டி ட்வாரோக் காட்டினார். உடலில் உள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. ஆனால் அது மூளைக்குள் போக முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இருக்கும் தடுப்பு அதை அனுமதிப்பதில்லை. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது, தின்றால் மனம் மலரும் என்று பத்திரிகைகளில் வரும் குறிப்புகளுக்கு இதனால்தான் ஆதாரம் இல்லை.

மூளை தனக்கு வேண்டிய செரட்டோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மூலப்பொருள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். உடலால் இதை உண்டாக்க முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். தடுப்பைக் கடக்க இது மற்ற சில பெரிய அமினோ அமிலங்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. புரத உணவில் அவையே அதிகம் என்பதால் டிரிப்டோஃபான் பின்தங்கிவிடும். மாவுச்சத்து மட்டும் உள்ள உணவைச் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, போட்டியாளர்களைத் தசைகளுக்குள் தள்ளுகிறது. டிரிப்டோஃபானுக்கு வழி கிடைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராம், ரிச்சர்டு வர்ட்மன் இருவரும் எலிகளில் இதைக் காட்டினார்கள். இனிப்பும் மாவும் மனத்தைத் தேற்றும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் சாயம் ஏறியது அப்போதுதான். ஆனால் உணவில் மிகச் சிறிய அளவு புரதம் கலந்தாலே இந்த விளைவு மறைந்துவிடும். இட்லியில் உளுந்து இருக்கிறது, சாம்பாரில் துவரம்பருப்பு இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டில் மூளையின் செரட்டோனின் ஒரு வேளைக்குள் பெரிதாக ஏறி இறங்குவதில்லை.

வேளைக் கணக்கில் மாறாதது வாரக் கணக்கில் மாறுகிறது. 1980களில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஆண்களையும் பெண்களையும் மூன்று வாரம் மிதமான டயட்டில் வைத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் டிரிப்டோஃபான் குறைந்தது. பெண்களிடம் மட்டும் மூளையின் செரட்டோனின் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. இளம்பெண்களை உண்ணல் கோளாறு அதிகம் தாக்குவதற்கு முழு விளக்கம் இது ஆகாது. என்றாலும் ஒரே டயட் இருவருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை அது காட்டிவிட்டது.

மனச்சோர்வும் ‘ரசாயனக் குறைபாடு’ என்ற கருத்தும்

மனநிலைக்கும் மூளை வேதியியலுக்கும் உள்ள தொடர்பு திட்டமிட்டுக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. வேறு நோய்களுக்கான மருந்துகளின் பக்கவிளைவாக அது வெளிப்பட்டது. அதில் ஒரு மருந்து இந்திய மண்ணிலிருந்து போனது. சர்ப்பகந்தா வேரைத் தூக்கமின்மைக்கும் மனநோய்க்கும் இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இரத்த அழுத்தத்தையும் அது குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளின் விவரங்களைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டதும் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. இரத்த அழுத்தத்துக்காக ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். அது மூளையில் சேமிப்பில் இருக்கும் செரட்டோனினையும் நோர்அட்ரினலினையும் டோபமினையும் காலி செய்கிறது என்று ஆய்வகங்கள் காட்டின.

அதே சமயத்தில் எதிர்ப்புறத்திலிருந்து இன்னொரு சான்று வந்தது. 1952இல் நியூயார்க்கின் சீவியூ காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், உற்சாகமாகப் பேசினார்கள், நன்றாகச் சாப்பிட்டு எடை கூடினார்கள். மனமும் பசியும் சேர்ந்தே எழுந்தன. அந்த மருந்து இதே கடத்திகளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது என்பது தெரிந்திருந்ததால் இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிதாயிற்று. 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நோர்அட்ரினலின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். 1967இல் பிரிட்டனின் அலெக் காப்பன் செரட்டோனினை முன்னிறுத்தினார். 1987இல் அமெரிக்காவில் செரட்டோனினைக் கூட்டும் ஃபுளூஆக்சிட்டின் மாத்திரை அனுமதி பெற்ற பிறகு ‘மூளையில் ரசாயனம் குறைந்துவிட்டது’ என்ற வாசகம் விளம்பரங்கள் வழியாக வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த வாசகம் தேவைக்கு மேல் எளிமையானது. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே நரம்பணுக்களுக்கு இடையே செரட்டோனின் கூடிவிடுகிறது. மனம் தெளியவோ வாரக் கணக்கில் ஆகிறது. டிரிப்டோஃபானைத் திடீரெனக் குறைக்கும் சோதனையில் ஆரோக்கியமானவர்களுக்கு மனநிலை பெரும்பாலும் மாறுவதில்லை. அதே சோதனையில் செரட்டோனின் மருந்தால் குணமானவர்களில் பலருக்குச் சில மணி நேரத்திலேயே சோர்வு திரும்புகிறது. குறைவு ஒன்றே நோயைத் தருவதாக இருந்தால் எல்லோரும் சோர்ந்திருக்க வேண்டும். 2022இல் ஜோனா மான்கிரீஃபும் சக ஆய்வாளர்களும் இதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து, செரட்டோனின் குறைவே மனச்சோர்வை உண்டாக்குகிறது என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று முடிவுரைத்தார்கள். இதை வைத்து மாத்திரைகளே பயனற்றவை என்று சொல்வது தவறு. 2018இல் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 சோதனைகளையும் 1,16,477 நோயாளிகளையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, பார்த்த 21 மருந்துகளும் போலி மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்திருந்தன. சராசரியில் அந்தக் கூடுதல் மிதமானதுதான். மருந்து பலன் தருவது ஒன்று. அது கூட்டும் பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என்பது வேறொன்று. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இந்த விவாதத்தைக் கேட்டுத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

செரட்டோனினுக்கு வெளியேயும் வாசல்கள் திறந்துவிட்டன. குளுட்டமேட் வழியில் வேலை செய்யும் எஸ்கெட்டமினும், காபா வழியில் வேலை செய்து பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் குறைக்கும் பிரெக்சனலோனும் 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நீண்ட மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற இயக்குநீர் உறக்கத்தையும் பசியையும் ஒருசேரக் குலைக்கிறது. உணவை மாற்றினால் மனச்சோர்வு குறையுமா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா 2017இல் ஒரு சோதனை நடத்தினார்: காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த உணவுக்கு மாறியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நோயிலிருந்து மீண்டார்கள், பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் பன்னிரண்டில் ஒருவர். பங்கேற்றவர்கள் 67 பேர்தான். நம்பிக்கை தருகிறது, தீர்ப்பாகாது.

வேண்டுவது வேறு, விரும்புவது வேறு

பசியைத் தேடி மூளைக்குள் போனவர்களில் ஒருவர் இந்தியர். 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால் கிருஷ்ண ஆனந்த், ஜான் பிராபெக்குடன் சேர்ந்து, எலியின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் பக்கவாட்டைச் சிதைத்தால் அது சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறது என்று கண்டார். அந்த இடத்துக்கு ‘உண்ணும் மையம்’ என்று பெயர் வந்தது. ஆனந்த் பின்னர் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையை உருவாக்கினார். இருபது ஆண்டு கழித்து ஸ்வீடனின் உர்பன் உங்கர்ஸ்டெட், அந்த இடத்தைத் தொடாமல் டோபமின் நரம்பிழைகளை மட்டும் அழித்தாலும் எலி சாப்பிடாது என்று காட்டினார். அந்த இழைகள் உண்ணும் மையத்தை ஒட்டியே செல்கின்றன. மையத்தின் வேலை என்று நினைத்ததில் ஒரு பகுதி டோபமினின் வேலை.

1995இல் ரிச்சர்டு பால்மிட்டர் குழு டோபமின் உண்டாக்கவே முடியாத சுண்டெலிகளை உருவாக்கியது. பிறந்து சில வாரங்களில் அவை கண்ணெதிரே உணவு இருக்க, பட்டினியால் செத்தன. டோபமினாக மாறும் எல்-டோபா ஊசி போட்டால் எழுந்து போய்ச் சாப்பிட்டன. மருந்து தீர்ந்ததும் மறுபடி அசையவில்லை.

அப்படியானால் டோபமின் இல்லாத உயிருக்குச் சாப்பாட்டில் இன்பமே இல்லையா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இதற்கு விடை தேடி எலியின் முகத்தைப் பார்த்தார். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் எலி நாக்கை நீட்டி உதட்டை நக்கும். கசப்பான குயினைன் பட்டால் வாயை அகலத் திறந்து தலையை உதறும். கைக்குழந்தைகளும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கின்றன. டோபமின் முழுக்க வற்றிப்போன, தானாக ஒரு கவளமும் தின்னாத எலியின் நாக்கில் சர்க்கரை நீரை விட்டபோது, அது மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கியது. சுவை அதற்கு இனிக்கத்தான் செய்தது. போய் எடுத்துத் தின்ன வேண்டும் என்ற உந்துதல்தான் இல்லை. டோபமின் ‘இன்பத்தின் ரசாயனம்’ என்ற பட்டத்துக்கு இந்தச் சோதனைக்குப் பிறகு ஆதாரம் இல்லை. அது தேடவைக்கும் பொருள். சுவையின் இன்பத்தில் உடலே சுரக்கும் அபினி போன்ற பொருள்களுக்கும், உடலின் சொந்தக் கஞ்சா போன்ற பொருள்களுக்கும் பங்கு அதிகம்.

அளவுமீறி உண்ணும் கோளாறைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அவசியம். இந்நோய் உள்ளவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் சாப்பாட்டை ரசிப்பதில்லை. வயிறு வலிக்கிறது, அவமானமாக இருக்கிறது, கை மட்டும் நிற்பதில்லை. வேண்டும் என்ற உந்துதல் பிடித்திருக்கிறது என்ற உணர்விலிருந்து பிரிந்துவிட்ட நிலை அது. பிரின்ஸ்டனில் பார்ட்லி ஹோபல், நிக்கோல் அவீனா குழு எலிகளை நாளின் பாதிநேரம் பட்டினி போட்டு, மீதி நேரம் சர்க்கரைக் கரைசல் கொடுத்தது. சாதாரண உணவு பழகப் பழக டோபமினைத் தூண்டுவது குறைந்துவிடும். இந்த எலிகளிடம் சர்க்கரை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கிடைத்தது போலவே டோபமினை எழுப்பியது. நாள் முழுக்கச் சர்க்கரை கிடைத்த எலிகளிடம் அப்படி நடக்கவில்லை. சர்க்கரை மட்டும் இதற்குக் காரணமில்லை. பட்டினிக்குப் பின் வரும் சர்க்கரைதான் காரணம். சர்க்கரையைப் போதைப்பொருள் என்று அழைக்கும் பிரபல நூல்கள் இந்த நிபந்தனையை விட்டுவிடுகின்றன. பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்து இரவில் கட்டுப்பாடு இழக்கும் மனிதர்களின் கதையும் அதேதான்.

புலிமியா நெர்வோசாவைத் தனி நோயாக 1979இல் விவரித்தவர் லண்டனின் ஜெரால்டு ரஸ்ஸல்: அளவுமீறிச் சாப்பிடுவது, பிறகு வாந்தியெடுத்தோ பேதி மருந்து விழுங்கியோ அதை ஈடுகட்டுவது, எடை கூடிவிடுமோ என்ற ஓயாத பயம். நோயிலிருந்து மீண்ட பெண்களிடம் 1999இல் ஆக்ஸ்ஃபோர்டில் டிரிப்டோஃபானைக் குறைத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் மனம் தளர்ந்தது, உடல்வாகு பற்றிய கவலை கூடியது, சாப்பாட்டில் கட்டுப்பாடு போய்விடுமோ என்ற பயம் திரும்பியது. ஆரோக்கியமான பெண்களிடம் அவ்வளவு மாற்றமில்லை. டயட் டிரிப்டோஃபானைக் குறைக்கிறது என்பதை இதோடு சேர்த்துப் படித்தால், இந்த நோயாளிகளுக்கு டயட் ஏன் தீர்வாகாமல் நோயின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது என்பது புரியும்.

பட்டினி என்ன செய்கிறது

சாப்பிட மறுத்து உடல் மெலிந்துபோகும் அனோரெக்சியா நெர்வோசாவைப் பற்றிய தெளிவான மருத்துவக் குறிப்பு 1689இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் எழுதியதிலேயே இருக்கிறது. 1873இல் பாரிஸில் ஷார்ல் லசேக்கும், அதை ஒட்டியே லண்டனில் வில்லியம் கல்லும் அதை விவரித்தார்கள்; இன்றைய பெயர் கல் வைத்தது. மனநோய்களில் மிக அதிக உயிர் குடிக்கும் நோய்களில் இது ஒன்று. 2011இல் வெளியான தொகுப்பாய்வின்படி ஆண்டுக்கு ஆயிரம் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்து பேர் இறக்கிறார்கள். இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

நோயாளி மெலிந்திருக்கும்போது தண்டுவட நீரில் செரட்டோனின் சிதைந்து வரும் பொருள் குறைவாக இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் வால்டர் கே, எடை மீண்டு நெடுநாள் ஆனவர்களைச் சோதித்தபோது அது சராசரியைவிட அதிகமாக இருந்தது. இதிலிருந்து அவர் வந்தடைந்த கருத்து இது: இவர்கள் இயல்பிலேயே பதற்றமும் பரிபூரணத்தில் பிடிவாதமும் மிக்கவர்கள், இவர்களின் செரட்டோனின் அமைப்பு கூடுதல் முனைப்போடு வேலை செய்கிறது, சாப்பிடாமல் இருந்தால் டிரிப்டோஃபான் வரத்து குறைந்து அந்தப் பதற்றம் தணிகிறது, சாப்பிட்டால் மீண்டும் ஏறுகிறது. மற்றவர்களுக்கு நிம்மதி தரும் ஒரு கவளம் இவர்களுக்குப் பயம் தருகிறது. கருத்து இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. ஆனால் ‘ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாள்?’ என்று தவிக்கும் பெற்றோருக்கு, மகளின் மறுப்பு திமிரினால் அல்ல என்று உணர்த்தும் விளக்கங்களில் இதுவரை வந்தவற்றுள் இதுதான் சிறந்தது.

பட்டினியே மனத்தை எவ்வளவு மாற்றும் என்பதை மனிதர்களிடம் காட்டிய சோதனை 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. போர்ப்பாழில் பசித்துக் கிடந்த ஐரோப்பாவுக்கு எப்படி உணவளிப்பது என்று அறிவதற்காக ஆன்செல் கீஸ் இதை நடத்தினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். கால்பந்து மைதானத்துப் படிக்கட்டுகளுக்குக் கீழே இருந்த அறைகளில் தங்கவைத்து, 24 வாரம் உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார்கள். உடல் எடையில் கால்பங்கு போயிற்று.

மனம் போன போக்குதான் யாரும் எதிர்பாராதது. சிரிப்பு நின்றது; காதலிலும் படிப்பிலும் நாட்டம் போனது; தனியாக ஒதுங்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் விட்டுக் கலந்து, மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். கடைசியில் தட்டை நக்கினார்கள். சிலர் மறைவாகத் திருடித் தின்று, பிறகு குற்ற உணர்வில் துடித்தார்கள். ஒருவர் கோடரியால் தம் விரல்களையே வெட்டிக்கொண்டார். உணவைப் பழையபடி கொடுக்கத் தொடங்கிய பிறகும் பலருக்கு வயிறு நிறைந்தது என்ற உணர்வு மாதக்கணக்கில் வரவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எவருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. அப்படியிருந்தும் உண்ணல் கோளாறு நோயாளியிடம் மருத்துவர் பார்க்கும் அறிகுறிகளில் பல அந்த அறைகளில் தோன்றின. அனோரெக்சியா பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளில் ஒன்றே ஒன்றைப் படிக்க வேண்டுமானால், அனோரெக்சியாவுக்காக நடத்தப்படாத இந்த ஆய்வைத்தான் படிக்க வேண்டும்.

பட்டினியின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்பவை எவை என்பது பிற்பாடு தெளிவானது. கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டினை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்தது. வயிறு சுரக்கும் கிரெலினை 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தார்கள். கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறைகிறது, வயிறு காலியானால் கிரெலின் கூடுகிறது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதினார்கள். பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்களுக்குப் பசி தணிந்ததே இல்லை. லெப்டின் ஊசி போட்டதும் தணிந்தது. பேராசை, ஒழுக்கக்குறைவு என்று ஊர் சொன்னது ஓர் இயக்குநீரின் குறைவாக இருந்தது. ஹைப்போதலாமஸில் பசியைத் தூண்டும் சில அணுக்கள் இயங்கும்போது உயிருக்கு அது வேதனையாகவே இருக்கிறது என்று 2015இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். பசியில் வரும் கோபத்துக்கு அணு அளவில் ஒரு முகவரி கிடைத்தது.

அனோரெக்சியா நோயாளியிடம் லெப்டின் மிகக் குறைவு, கிரெலின் அதிகம். உடல் பசியென்று கத்துகிறது. பின் ஏன் ஓய்வில்லாமல் நடக்கிறார்கள், உடற்பயிற்சி செய்கிறார்கள்? 1967இல் ராட்டன்பெர்க், குஸ்னெசாஃப் இருவரும் எலிகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் உணவு வைத்தார்கள். கூண்டில் சுழல்சக்கரம் இல்லாத எலிகள் சமாளித்துப் பிழைத்தன. சக்கரம் இருந்த எலிகள் நாளுக்கு நாள் அதிகமாக ஓடின, குறைவாகத் தின்றன, ஓடியே செத்தன. பின்னாளில் அப்படிப்பட்ட எலிகளுக்கு லெப்டின் கொடுத்தபோது ஓட்டம் அடங்கியது. பட்டினியில் உணவு தேடி அலையச் செய்யும் பழைய உயிரியல் கட்டளை, நோயாளியிடம் உணவில்லாத ஓட்டமாக மாறியிருக்கிறது என்று கருத இடமிருக்கிறது.

மரபணுக்களும் சமூகமும்

பட்டினி எல்லோரையும் இந்த நோய்க்குள் தள்ளுவதில்லை. இரட்டையர் ஆய்வுகள் அனோரெக்சியாவுக்கான வாய்ப்பில் பாதி அளவு மரபுவழி வருவதாகக் கணிக்கின்றன. 2019இல் 16,992 நோயாளிகளின் மரபணுக்களை நோயில்லாத 55,525 பேருடையவற்றோடு ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு, மரபணுத் தொகுப்பில் நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை அடையாளம் கண்டது. மனநோய்களோடு மட்டுமன்றி, கொழுப்பு, சர்க்கரை, உடல் எடை சார்ந்த வளர்சிதைமாற்றத்தோடும் அவை பிணைந்திருந்தன. இந்த நோயை மனத்துக்குள் மட்டும் தேடினால் போதாது என்பதை அது காட்டுகிறது.

சமூகத்தின் பங்குக்கு ஃபிஜித் தீவு சான்று. கொழுத்த உடலை அழகென்று போற்றிவந்த நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் அந்த ஆண்டும் 1998இலும் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். எடை குறைக்க வாந்தியெடுப்பவர் முதல் ஆய்வில் ஒருவரும் இல்லை. மூன்று ஆண்டில் நூற்றுக்குப் பதினொருவர். அந்தப் பெண்களின் மரபணுக்கள் மூன்று ஆண்டில் மாறிவிடவில்லை. மறுபுறம், 1995இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் விவரித்த இளம்பெண்கள் சாப்பிட மறுத்து மெலிந்தார்கள், மாதவிடாய் நின்றது. ஆனால் குண்டாகிவிடுவோமோ என்ற பயம் அவர்களிடம் இல்லை. மேலைநாட்டுப் பாடநூல் அறிகுறியை மட்டும் தேடும் மருத்துவர், வயிற்றுவலி, பசியில்லை என்று வரும் இந்தியப் பெண்ணைத் தவறவிடக்கூடும்.

சிகிச்சை

வேதியியல் அறிவு மருந்தாக மாறிய இடங்களில் வெற்றியும் உண்டு, விபத்தும் உண்டு. 1992இல் 387 பெண்களிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில் ஃபுளூஆக்சிட்டின் நாளுக்கு 60 மில்லிகிராம் கொடுத்தபோது புலிமியாவின் அளவுமீறிய உண்ணலும் வாந்தியும் குறைந்தன. மனச்சோர்வுக்கு வழக்கமான 20 மில்லிகிராம் அவ்வளவு உதவவில்லை. அதே மருந்தை எடை மீண்ட 93 அனோரெக்சியா நோயாளிகளுக்கு ஓராண்டு வரை கொடுத்த 2006ஆம் ஆண்டுச் சோதனையில் போலி மாத்திரையைவிட எந்தப் பலனும் இல்லை. அளவுமீறி உண்ணும் கோளாறுக்கு, டோபமினையும் நோர்அட்ரினலினையும் கூட்டும் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடிமையாக்கக்கூடியது என்பதால் கவனம் தேவை.

செரட்டோனினைக் கூட்டிப் பசியைக் குறைத்த ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. வால்வுகளிலும் செரட்டோனின் வந்து ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றன. உடலின் கஞ்சா போன்ற பொருள்களின் ஏற்பியை அடைத்து எடையைக் குறைத்த ரிமோனபான்ட் 2006இல் ஐரோப்பாவில் வந்து, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தந்ததால் 2008இல் நிறுத்தப்பட்டது. சாப்பாட்டின் இன்பத்தை அணைத்தபோது வாழ்க்கையின் இன்பமும் சிலருக்கு அணைந்தது. மனச்சோர்வுக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் கொடுக்கப்படும் புப்ரோபியான், வலிப்பு வரும் அபாயத்தால் புலிமியா, அனோரெக்சியா நோயாளிகளுக்குக் கூடாது.

அனோரெக்சியாவுக்கு இன்றுவரை நிறுவப்பட்ட மருந்து இல்லை. உணவே முதல் மருந்து. செரட்டோனின் தயாரிக்கப் போதிய டிரிப்டோஃபான் இல்லாத மூளையில் செரட்டோனின் மாத்திரை எதைக் கூட்டும்? எடை மீளும்போதுதான் சிந்தனையின் இறுக்கம் தளர்கிறது, பேச்சுவழிச் சிகிச்சை உள்ளே இறங்குகிறது. ஆனால் வீட்டில் அவசரப்பட்டு ஊட்டுவதும் ஆபத்து. நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென உணவு போனால் இன்சுலின் எழுந்து இரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டை அணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுதலையான கைதிகள் பலர் இப்படித்தான் உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள். மிகவும் மெலிந்தவருக்கு மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனையோடு, படிப்படியாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு, 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான, பெற்றோரே ஊட்டும் பொறுப்பை ஏற்கும் குடும்பச் சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது. புலிமியாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முதலிடம் பெறுகிறது. வேளை தவறாமல் சாப்பிடுவது அதன் முதல் படிகளில் ஒன்று.

வீட்டில் ஒருவர் தொடர்ந்து வேளைகளைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாலோ, வேகமாக மெலிந்தாலோ, மாதவிடாய் நின்றாலோ, திட்டுவதும் கெஞ்சுவதும் உதவாது. முதலில் பொது மருத்துவரிடம் காட்டி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், பொட்டாசியம், பாஸ்பேட் அளவுகளைப் பார்த்துவிட்டு, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். மயக்கம், படபடப்பு, தற்கொலைப் பேச்சு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.